பிறந்த குழந்தைக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டில் குழந்தை பெற்றவர்களும் பெறப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலான கேள்விகளில் ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. குழந்தை எந்த நாட்டுக் குடிமகன் என்பது ஒரு கேள்வி, பிறந்த நாட்டில் அது தங்க அனுமதி உண்டா என்பது வேறு கேள்வி. பிறப்புச் சான்றிதழ் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை, இரண்டையும் கேட்பதற்கான முதல் தாள், அவ்வளவுதான்.

கேள்வி: நானும் கணவரும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம். துபாயில் அவருடைய ஸ்பான்சரில் இருக்கிறேன். அடுத்த மாதம் பிரசவம். குழந்தை அப்பாவின் விசாவில் தானாகச் சேர்ந்துவிடும், அவசரமே இல்லை என்கிறார் அவருடைய அலுவலக நண்பர். அப்படியா? (வாசகி, துபாய்)

தானாக எதுவும் சேராது. அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதியிலிருந்து 120 நாட்களுக்குள் குடியிருப்பு விசா எடுத்துவிட வேண்டும், தவறினால் நாள் கணக்கில் அபராதம். 120 நாள் என்றதும் நான்கு மாதம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் விசா எடுப்பதற்கு முதலில் குழந்தைக்கென்று ஒரு பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு மருத்துவமனை தரும் தாளும் உங்கள் திருமணச் சான்றிதழும் வேண்டும், ஆக ஒன்று நின்றால் பின்னால் இருப்பதெல்லாம் நிற்கும். பிரசவம் முடிந்து உடம்பு தேறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் மாதத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் கடைசியில் ஓடுகிறார்கள். உடம்பு தேறட்டும், அதில் தப்பே இல்லை, அதற்குத்தானே கணவர் இருக்கிறார், அவர் அலையட்டும்.

பிறப்புச் சான்றிதழ் வந்ததும் முதல் வேலையாகப் பெயர்களை உங்கள் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அரபியில் எழுதி அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது ஓர் எழுத்து கூடும் அல்லது குறையும். அன்றைக்கே சொன்னால் எளிதாகத் திருத்தலாம், பாஸ்போர்ட் வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

அமீரகக் குடியுரிமை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. வளைகுடா நாடுகள் எதிலும் அங்கே பிறந்ததற்காக வெளிநாட்டவர் குழந்தைக்குக் குடியுரிமை தருவதில்லை. உங்கள் குழந்தை இந்தியக் குடிமகனாக வேண்டும், அதுவும் தானாக நடக்காது. 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும், குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு சேர்த்தே இதையும் முடித்துவிடுங்கள்.

விசா போடுவதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்று திட்டமிருந்தால் ஒரு தடவை யோசியுங்கள். போவது பிரச்சினை இல்லை. திரும்பி வர, குழந்தைக்குத் தனியாக நுழைவு அனுமதி எடுக்க வேண்டிவரும்.

கேள்வி: எச்1பி வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கிறோம். இரண்டு மூன்று வருடத்தில் இந்தியா திரும்பிவிடலாம் என்று எண்ணம். பிறக்கப்போகும் குழந்தைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட், இந்தியப் பாஸ்போர்ட் இரண்டும் எடுக்கலாமா? அங்கே பிறந்தாலே குடிமகன் என்கிற பிறப்புக் குடியுரிமையே போகப்போகிறது என்கிறார்களே, அது என்ன ஆயிற்று? (வாசகர், நியூ ஜெர்சி)

இரண்டும் முடியாது. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று மேலே சொன்ன அதே உறுதிமொழி உங்களுக்கும் உண்டு, அமெரிக்கப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போட முடியாது. சரி, அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுக்காமலே விட்டுவிடலாமா என்றால் அதுவும் வழியில்லை, ஏனென்றால் அமெரிக்கக் குடிமகன் அந்த நாட்டுக்குள் வருவதும் போவதும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆகவே நடைமுறையில் உங்கள் குழந்தை அமெரிக்கர், இந்தியாவுக்கு வர, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ கார்டு. பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே போதும், குழந்தை ஓசிஐக்குத் தகுதி பெறும். கார்டு வருவதற்குள் பயணம் இருந்தால் குழந்தைக்கு இந்திய விசா எடுக்க வேண்டும். கைக்குழந்தைதானே என்று விமான நிறுவனம் விடாது.

திரும்பி வருகிற எண்ணம் இருப்பதால் ஓசிஐயின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் வரலாம், தங்கலாம், படிக்கலாம். வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இதைவிட உங்களைப் பாதிக்கக்கூடியது படிப்பு: 2021 மார்ச்சில் வந்த அறிவிப்பின்படி நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளில் ஓசிஐ பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் இந்தியர்களான என்ஆர்ஐகளுக்குச் சமம், இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய இடங்கள் அவர்களுக்கு இல்லை. பிறந்த குழந்தைக்கு நீட் பற்றி இப்போதே ஏன் என்று சிரிப்பீர்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரும்போது சிரிக்க மாட்டீர்கள்.

பிறப்புக் குடியுரிமை விவகாரம் இதுதான். 1868இல் அமெரிக்க அரசியலமைப்பில் வந்த 14ஆவது திருத்தமும் 1898இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் வந்த தீர்ப்பும் இதற்கு அடித்தளம். 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவு, அம்மா தற்காலிக விசாவில் இருக்க, அப்பா குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்ற கிரீன் கார்டுக்காரராகவோ இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது. அதாவது நேராக உங்களைப் போன்ற குடும்பங்கள்தான். நீதிமன்றங்கள் அதை நடைமுறைக்கு வரவிடாமல் தடுத்தன, சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரசவ நேரத்தில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு குடிவரவு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் தாமதிக்காமல் குழந்தைக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பியுங்கள், பிரசவ நாளில் நீங்கள் இருவரும் எந்த விசாவில் இருந்தீர்கள் என்பதற்கான தாள்களை, நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவு உட்பட, பத்திரப்படுத்துங்கள்.

குழந்தை மூலமாக நமக்கு கிரீன் கார்டு கிடைக்கும் என்று யாராவது சொன்னால், கிடைக்கும்தான், ஆனால் பெற்றோருக்காக விண்ணப்பிக்கப் பிள்ளைக்கு 21 வயதாக வேண்டும். நடுவில் உங்கள் வேலை போனால் குடிமகனான குழந்தை இருக்கிறது என்பதற்காக உங்களை இருக்கவிட மாட்டார்கள்.

கேள்வி: என் மகளும் மருமகனும் கிரீன் கார்டு வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு மகள் எங்களிடம் இந்தியா வந்தாள், பேரன் இங்கே பிறந்தான். அவனுக்கு விசா கிடைக்க வருடக்கணக்கில் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். (ஒரு தாத்தா)

பயப்படாதீர்கள் ஐயா, ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். கிரீன் கார்டு வைத்திருக்கும் அம்மா தற்காலிகமாக வெளிநாட்டில் இருக்கும்போது பிறந்த குழந்தை, இரண்டு வயதுக்குள் விசா இல்லாமலே அமெரிக்காவுக்குள் போகலாம், அங்கே இறங்கும்போதே கிரீன் கார்டுக்கு வழி செய்துவிடுவார்கள். நிபந்தனை என்னவென்றால், பிரசவத்துக்குப் பிறகு அம்மா முதல் தடவையாகத் திரும்பும்போதே குழந்தையும் கூட வர வேண்டும். வேலைக்குப் போக வேண்டும், நான் முதலில் போகிறேன், நீங்கள் குழந்தையை மூன்று மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்று மகள் கிளம்பினால் இந்தச் சலுகை போய்விடும், அப்புறம் நீங்கள் கேள்விப்பட்ட அந்த வருடக்கணக்கான காத்திருப்புதான். பேரனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அம்மாவின் பெயரோடு பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் கிரீன் கார்டு, இவை கையில் இருக்கட்டும். டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள், கவுண்டரில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் போனால் விமானம் போய்விடும்.

கேள்வி: லண்டனில் வேலை விசாவில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு மாதம், இன்னும் விசா எடுக்கவில்லை. சட்டவிரோதமாக இருக்கிறாளா?

இல்லை. பிரிட்டனில் பிறந்த குழந்தை விசா இல்லாமல் அங்கே இருப்பது குற்றமில்லை. ஆனால் நாட்டை விட்டு ஒரு முறை வெளியே போய்விட்டால் திரும்பி வர விசா வேண்டும், வெளியே உட்கார்ந்துகொண்டுதான் அதற்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே பயணத்துக்கு முன் உள்ளேயிருந்தே உங்களைச் சார்ந்தவராக, அதாவது டிபென்டன்டாக, விண்ணப்பித்துவிடுங்கள். மருத்துவத்துக்கும் அதுவே நல்லது, விசாவோடு நீங்கள் கட்டிய சுகாதாரக் கட்டணத்தின் பேரில் குழந்தைக்குக் கிடைக்கும் இலவசச் சிகிச்சை முதல் மூன்று மாதம்தான்.

பிரிட்டிஷ் குடியுரிமைக்கு 1983 ஜனவரி 1 முதல் அங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். நாளைக்கு உங்களில் ஒருவருக்கு அந்த உரிமை கிடைத்தால் மகளைப் பிரிட்டிஷ் குடிமகளாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: மெல்போர்னில் குழந்தை பிறந்தால்?

உங்கள் விசாவே பிறந்த நொடியில் குழந்தைக்கும் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பிறப்புச் சான்றிதழை அனுப்பிக் குடிவரவுத் துறையில் தெரிவித்தால் போதும். பெற்றோரில் ஒருவருக்கு நிரந்தர விசா இருந்தால் குழந்தை அன்றே குடிமகன். இல்லாவிட்டாலும் பத்தாவது பிறந்தநாள் வரை அங்கேயே வளர்ந்தால் குடிமகன். துபாய் வாசகியின் கணவருடைய நண்பர் ஆஸ்திரேலியாவில் இருந்திருந்தால் சொன்னது சரியாக இருந்திருக்கும். சிங்கப்பூரிலோ நேர்மாறு: எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்கிற வேலை அனுமதி வைத்திருப்பவருக்கு மாதம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் இருந்தால்தான் குழந்தைக்கு டிபென்டன்ட் பாஸே கேட்க முடியும்.

கேள்வி: விமானத்தில் குழந்தை பிறந்தால் எந்த நாடு? (பள்ளி மாணவி)

பெரும்பாலும் அம்மா அப்பாவின் நாடுதான். வேறு எந்த நாடும் ஏற்காமல் குழந்தை நாடற்றதாகிவிடும் நிலை வந்தால், விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அங்கே பிறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது 1961ஆம் வருட ஐ.நா. உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டும். அப்படிப் பிறந்தால் வாழ்நாள் முழுக்க இலவச டிக்கெட் என்று சொல்வார்கள், அது எந்தச் சட்டத்திலும் இல்லை.

கேள்வி: நாங்கள் இலங்கைத் தமிழர். பிரான்ஸில் அகதி அந்தஸ்து கிடைத்திருக்கிறது. மகன் இங்கே பிறந்தான். இலங்கைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துவைத்தால் நல்லது என்கிறார் அண்ணன். செய்யலாமா?

உங்கள் வக்கீலைக் கேட்காமல் தூதரகத்துப் படி ஏறாதீர்கள். சாதாரணமாக வேலைக்கு வந்த இலங்கையருக்கு அண்ணன் சொல்வது சரியான யோசனைதான், அவர்களும் ஒரு வருடத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், 2003ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு அம்மா வழியாகவும் இலங்கைக் குடியுரிமை வரும். ஆனால் அந்த அரசிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நிற்கிற நீங்கள் அதே அரசின் தூதரகத்தில் போய்த் தாள் வாங்கினால், 1951ஆம் வருட அகதிகள் உடன்படிக்கைப்படி அந்தப் பாதுகாப்பை மறுபடி நாடியதாக வாதம் வரலாம், உங்கள் அந்தஸ்துக்கே கேள்வி எழலாம். அண்ணனுக்கு இது தோன்றாமல் போனதில் ஆச்சரியமில்லை. மகன் பிரான்ஸிலேயே வளர்ந்தால் 13 வயதிலிருந்து நீங்கள் அவன் பெயரில் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அறிவிப்புச் செய்யலாம், 16இல் அவனே செய்யலாம், ஒன்றும் செய்யாவிட்டாலும் வசிப்பு நிபந்தனை நிறைவேறியிருந்தால் 18இல் தானாக வரும். பள்ளிச் சான்றுகளை எறியாதீர்கள், அங்கே வளர்ந்ததற்கு அவைதான் சாட்சி.

கேள்வி: மஸ்கட்டில் பிறந்த மகனுக்கு ஒன்றரை வயது. தூதரகத்தில் பதிவு செய்யவே இல்லை. எல்லாம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை, நீளும். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதியோடு பதிவு செய்யலாம் என்று துபாய் வாசகிக்குச் சொன்ன குடியுரிமைச் சட்டத்தின் அதே 4ஆம் பிரிவு சொல்கிறது. தாமதத்துக்கான காரணத்தை மறைக்காமல் எழுதி, இருக்கிற தாள்களை இணைத்துத் தூதரகம் வழியாக விண்ணப்பியுங்கள். தெரியாது என்பதுதான் காரணம் என்றால் அதையே எழுதுங்கள், கதை கட்டாதீர்கள். இதற்கிடையே ஓமானில் குழந்தை தங்கும் அனுமதி என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், அதற்கான அபராதம் தூதரகத்துக்காகக் காத்திருக்காது.

கேள்வி: குழந்தையின் பெயரை ஒரே பெயராகப் போடலாமா? எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் மட்டும்தான்.

போடலாம், ஆனால் வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்று குறிக்கும் எஃப்என்யு என்ற மூன்று எழுத்து பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு வங்கியிலும் பள்ளியிலும் அதுவே பெயராகிவிடும். ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அமீரகமும் 2022 நவம்பரில் அறிவித்தது. இனிஷியலை விரித்து அப்பாவின் முழுப்பெயரையோ அம்மாவின் முழுப்பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுங்கள். அதை மருத்துவமனையில் பிறப்புப் படிவம் நிரப்பும்போதே எழுத வேண்டும், பாஸ்போர்ட் அந்தப் படிவத்தைத்தான் பின்தொடரும்.