நண்பனுக்காகத் திரட்டிய பணம்: வரி யார் தலையில்?

சிகிச்சைக்குப் பணம் திரட்டியவர்கள் கேட்டவற்றுக்கு, இருபது வருடமாகக் கணக்கு பார்க்கும் ஆடிட்டராக என் பதில்கள்.

நண்பனுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. கல்லூரித் தோழர்கள் நாற்பது பேர் ஐயாயிரம், பத்தாயிரம் என்று அவன் கணக்கிலேயே போட்டோம். மொத்தம் 3 லட்சம். யாருமே 50,000 தாண்டவில்லை. வரி வராதுதானே?

பலரும் சறுக்குவது இங்கேதான். 50,000 வரம்பு கொடுப்பவருக்கு இல்லை, வாங்குபவருக்கு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வந்தது எல்லாம் சேர்த்து 50,000 தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழு 3 லட்சமும் அவர் வருமானம். பழைய வருமான வரிச் சட்டத்தில் இது பிரிவு 56(2)(x). 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் எண் மாறியது, விதி மாறவில்லை. கல்யாண மொய்க்கு விலக்கு உண்டு, கல்லீரலுக்கு இல்லை! கொரோனா சிகிச்சைக்குக் கிடைத்த உதவிக்கு மட்டும் 2022இல் விலக்கு தந்தார்கள்.

ஆனால் பதற வேண்டாம். 2025-26 முதல் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி இல்லை. படுத்த படுக்கையாகிச் சம்பளம் நின்றவருக்கு 3 லட்சம் சேர்ந்தாலும் பெரும்பாலும் வரி பூஜ்யம்தான். மொத்தம் 4 லட்சம் தாண்டினால் ரிட்டர்ன் மட்டும் கட்டாயம் போட வேண்டும். நல்ல சம்பளத்தில் தொடர்பவருக்குத்தான் வலிக்கும்.

ஆஸ்பத்திரி பில்லைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி கட்டலாமா?

முடியாது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும், புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு போன்ற சில நோய்களுக்கு 40,000 வரை கழிவு உண்டு. அறுபது வயதானவருக்கு 1 லட்சம்.

என் சித்தப்பா மகன் 2 லட்சம் கொடுத்தான். தம்பி முறைதானே?

நமக்குத் தம்பி, சட்டத்துக்கு அந்நியன். சித்தப்பாவே தன் பணத்தைக் கொடுத்திருந்தால் எவ்வளவானாலும் வரி இல்லை. உடன்பிறந்தவர், அவர் மனைவி அல்லது கணவர், மனைவியின் அண்ணன் எல்லாரும் உறவுப் பட்டியலில் உண்டு. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை ஆகியோரின் பிள்ளைகள் இல்லை.

குழுவில் நான்தான் வசூலிக்கிறேன். என் ஜிபே எண்ணைக் கொடுக்கலாமா?

வேறு வழியே இல்லையென்றால் மட்டும். என்னிடம் வந்த ஒருவர் சம்பளக் கணக்கிலேயே வசூலித்திருந்தார். ஸ்டேட்மெண்டின் ஒரே பக்கத்தில் பெட்ரோல், பால்காரர், நண்பரின் ஊசி மருந்து, நடுநடுவே பெயர் தெரியாத ஐந்நூறு ரூபாய்கள். நோட்டீஸ் வந்தபோது எது யாருடையது என்று பிரிக்கவே மூன்று வாரம் ஆனது. பணம் அவருடையது அல்லதான். ஆனால் அதைக் காட்டும் பொறுப்பு அவருடையது.

வசூலித்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கணக்கு வையுங்கள். அனுப்புபவர் குறிப்பில் நண்பர் பெயரும் 'சிகிச்சை' என்ற சொல்லும் இருக்கட்டும். குழுவில் போட்ட வேண்டுகோளையும் சேமித்து வையுங்கள். ஒருவரிடமிருந்தே ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்காதீர்கள், அபராதம் அதே தொகை.

நான் சொல்லும் வழி வேறு: ஆஸ்பத்திரி கணக்கு எண்ணையும் நண்பரின் ஐபி நம்பரையும் (உள்நோயாளி எண்) குழுவில் போட்டு, அவரவர் நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள். பணம் உங்கள் கைக்கும் வராது, அவர் கைக்கும் போகாது. ரசீது மட்டும் வாங்கி வையுங்கள்.

கொடுத்தவர்களுக்கு 80ஜி, அதாவது பழைய சட்டத்தில் அந்த எண்ணில் இருந்த நன்கொடைக்கான வரிக் கழிவு, கிடைக்குமா?

தனி நபருக்குக் கொடுத்தால் கிடையாது. 80ஜி அனுமதி உள்ள அறக்கட்டளைக்கு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக இல்லாமல் கொடுத்தால் உண்டு, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். பதிவுபெற்ற அறக்கட்டளை நோயாளிக்குத் தரும் உதவிக்கு அந்த 50,000 வரம்பும் பொருந்தாது. பெரிய தொகை திரட்டுபவர்கள் முதலில் இதை விசாரியுங்கள்.

நண்பர் இறந்துவிட்டார். 1,80,000 மீதி இருக்கிறது. அவர் மனைவியிடம் கொடுத்தால்?

வருந்துகிறேன். பணம் அவர் கணக்கில் இருந்தால் மனைவிக்கு வாரிசாக வரும், வரி இல்லை. உங்கள் கணக்கில் இருந்தால், நண்பர்கள் அந்த மனைவிக்குக் கொடுப்பதாகவே ஆகும், அதே 50,000 வரம்புதான். அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் கவலையே இல்லை, மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் குழுவில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சிகிச்சைக்கென்று கொடுத்த பணம் அது.