பையனுக்கு பேட்ச் ஆபரேஷன் வேலை: சேரலாமா?

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த பையனுக்கு பேட்ச் ஆபரேஷனில் வேலை கிடைத்திருக்கிறது, ராத்திரி ஷிஃப்ட், ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலையாமே, இதற்கா இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள் சார். சேரட்டும். ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது.

அந்த ஸ்க்ரீனில் என்னதான் ஓடுகிறது? வங்கியில் கவுன்டர் மூடிய பிறகு வட்டிக் கணக்கு, அன்றைய வரவு செலவைச் சரிபார்ப்பது, காலை அறிக்கை என்று வேலைகள் வரிசையாகத் தானாக நடக்கும், இதுதான் பேட்ச். ஒவ்வொன்றும் வேறு வேறு சர்வரில், சிலது வேறு ஊரில். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது கிளம்பும். இதை ஓட்டத்தான் கன்ட்ரோல்-எம், ஆட்டோசிஸ் மாதிரி மென்பொருள்கள். நடுவில் ஒன்று நின்றால் ரன்புக்கை, அதாவது என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து மறுபடி ஓட விடுகிறவர் ஒரு ரகம், எங்கோ இருக்கிற அந்த மெஷினுக்குள் போய் நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்து ஏன் நின்றது என்று சொல்கிறவர் இன்னொரு ரகம். மேலே போவது இந்த இரண்டாவது ஆள்தான்.

அதற்காக உடனே கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். வீட்டு லேப்டாப்பில், ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே வேறு கம்ப்யூட்டர்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு இரண்டு லினக்ஸ் மெஷின் உருவாக்கட்டும், எல்லாமே இலவசம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எஸ்எஸ்எச் கீ (தூரத்து மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் டிஜிட்டல் சாவி) வழியாகப் போகப் பழகி, ராத்திரி 2 மணிக்கு அங்குள்ள ஒரு ஃபோல்டரை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கமாண்ட் மூலம் இங்கே பேக்கப் எடுக்கும்படி க்ரான்டேபில் ஒரு வரி எழுதட்டும். குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டுவது க்ரான், அதன் பட்டியல்தான் க்ரான்டேப். கையால் ஓட்டினால் ஓடும், க்ரானில் ஓடாது. பாடமே அங்கேதான் ஆரம்பம். நம் லாகின் செட்டிங் எதுவும் க்ரானுக்குத் தெரியாது, அதனால் கமாண்ட் இருக்கிற இடத்தை முழுசாகச் சொல்ல வேண்டும். கீக்குப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் நடுராத்திரியில் அதை டைப் செய்ய யார் இருக்கிறார்கள்? சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் அதன் 2 மணி நமக்குக் காலை 7.30. முந்தின ஓட்டம் முடியாமலே அடுத்தது கிளம்பினால் இரண்டும் முட்டிக்கொள்ளும், அதைத் தடுக்க எஃப்லாக் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. அப்புறம், க்ரான்டேப் கமாண்டோடு சேர்க்கிற எழுத்து, திருத்த 'இ', மொத்தத்தையும் அழிக்க 'ஆர்'. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், அழிக்கும்போது ஒரு வார்த்தை கேட்கவும் கேட்காது, யார் யோசித்தார்களோ!

இது கைக்கு வந்த பிறகு அன்சிபிள் என்ற மென்பொருள். ஒரே இடத்திலிருந்து பல சர்வர்களில் ஒரே வேலையைச் செய்ய வைக்கலாம். சான்றிதழ்தான் வேண்டுமென்றால் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு பரவாயில்லை, டிக் அடிக்கிற தேர்வு இல்லை, மெஷினில் செய்து காட்ட வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஷிஃப்ட் மாறி மாறி வருமா, இத்தனை காலம் வேலையை விட முடியாது என்கிற பாண்ட் உண்டா என்று பையனையே கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் ஹெச்ஆருக்கு போன் போட வேண்டாம். சர்வர் லாகின் கொடுப்பார்களா, டிக்கெட் (பிரச்சினையைப் பதிவு செய்யும் குறிப்பு) போட்டு மேலே அனுப்புவது மட்டும்தானா என்பதையும் கேட்கட்டும். டிக்கெட் மட்டும்தான் என்றால், கையில் வேறு ஆஃபர் இருந்தால் அதற்குப் போகட்டும்.