பெரியவனும் கேட்கிறான், சின்னவளும் கேட்கிறாள்

கேள்வி: மூத்தவனுக்கு இரண்டேகால் வயது. இரண்டாவது உண்டானபோதும் அவன் பாலை விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இப்போது மகள் பிறந்து 12 நாள் ஆகிறது. அவளை மடியில் எடுத்தாலே இவனும் வந்து ஒட்டிக்கொள்கிறான். “பச்சைக் குழந்தையின் பங்கை இவன் குடித்துவிட்டால் அவள் எப்படித் தேறுவாள்” என்று மாமியார் தினமும் சொல்கிறார். கணவர் அவருக்கும் தலையாட்டுகிறார், எனக்கும் தலையாட்டுகிறார். இருவருக்கும் கொடுக்கலாமா, இவனை நிறுத்திவிடவா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: கொடுக்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிக் கேட்டு எழுதுகிற அம்மாக்கள் பலரும் ஏதோ தப்பு செய்துவிட்டவர்கள் போலத்தான் எழுதுகிறார்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒரு தப்புக் கணக்கும் இருக்கிறது. கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பால், அதை இரண்டு பேர் குடித்தால் ஒருவருக்குக் குறையும் என்று அவர் நினைக்கிறார். ஆனால் மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு மெதுவாகும், குடிக்கக் குடிக்க வேகமாகும், அதனால்தான் இரட்டைக் குழந்தைகளைக்கூடத் தாய்ப்பாலிலேயே வளர்க்க முடிகிறது. பெரியவனும் குடிக்கிறான் என்றால் உடம்பு அதற்கும் சேர்த்துத்தான் சுரக்கும்.

நியாயம் இருப்பது ஆரம்ப நாட்களைப் பற்றி. பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு பால் நன்றாக ஊற இரண்டிலிருந்து நான்கு நாள் ஆகும். அதுவரை வருவது சீம்பால், அளவில் கொஞ்சம், அது முதலில் சின்னவளுக்குத்தான். பெரியவன் வாய் வைத்தால் சீம்பால் தீர்ந்துபோய்விடும் என்றெல்லாம் இல்லை, ஆனாலும் வரிசை முக்கியம். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இருந்தாலும் இன்னும் சில வாரத்துக்கு அவள் குடித்து முடித்த பிறகு அவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஆறு மாதம் வரை வேறு சாப்பாடே கிடையாது, அவன் தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறவன்.

அவளுக்குப் போதுமான அளவு கிடைக்கிறதா என்பதை எடையையும் ஈரத்துணியையும் வைத்துத்தான் சொல்ல முடியும். பிறந்த சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது வழக்கம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்க வேண்டும், ஐந்தாவது நாளுக்கு மேல் ஒரு பகல் இரவுக்குக் குறைந்தது ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போக வேண்டும். குடிக்கும்போது காதைக் கொடுத்துக் கேட்டால் அவள் விழுங்குகிற சத்தம் கேட்கும். மாமியாரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், எடை போட்டு எழுதிய சீட்டைக் காட்டுங்கள். எடை திரும்பவில்லை, அல்லது எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருக்கிறாள் என்றால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு பேர் குடிப்பதால் உங்கள் மார்பு எப்போதும் தளர்ந்தே இருக்கும், முதல் பிரசவத்தில் இருந்த மாதிரி விண்ணென்று கட்டாது. அதைப் பார்த்துப் பால் வற்றிவிட்டது என்று பயந்து புட்டிப்பாலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தளர்ந்திருந்தால் பால் இல்லை என்று அர்த்தமே இல்லை. இன்னும் சொன்னால் பெரியவனால் உங்களுக்கு உபகாரமும் இருக்கிறது. பால் பீறிட்டு வந்து சின்னவள் திணறுகிறாள் என்றால், அவளுக்கு எடை நன்றாக ஏற ஆரம்பித்த பிறகு, முதலில் ஒரு நிமிடம் அவனைக் குடிக்கவிட்டு வேகம் குறைந்ததும் அவளை வைக்கலாம்.

இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. வைப்பதானால், உட்கார்ந்துகொண்டு சின்னவளை உங்கள் அக்குளுக்குக் கீழே, கால் பின்பக்கம் போகிற மாதிரி தலையணைமேல் படுக்க வையுங்கள், உங்கள் உள்ளங்கை அவள் கழுத்தடியைத் தாங்கட்டும். முதலில் அவள் சரியாகக் கவ்வ வேண்டும், காம்பு மட்டும் போதாது, சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். அதற்கப்புறம் அவனை மறுபக்கம் முட்டி போட்டு வரச்சொல்லுங்கள். அவன் கை சும்மா இருக்காது, தங்கச்சி கண்ணைத் தொடும், காதைத் திருகும், அந்தக் கைக்கு ஒரு பொம்மையைக் கொடுத்துவிடுங்கள்.

பிரசவமான முதல் சில நாளில் அவனுக்கு மலம் இளகிப் போயிருக்கலாம். சீம்பாலுக்கு அந்தக் குணம் உண்டு, பயப்பட வேண்டாம்.

கேள்வி: எனக்குப் பால் போதவில்லை என்பது பிரச்சினை இல்லை. சின்னவன் குடிக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை, மூன்று வயது மகள் வாய் வைத்ததும் உடம்பெல்லாம் கூசுகிறது, பிடித்துத் தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வருகிறது. அப்புறம் உட்கார்ந்து அழுகிறேன். பெற்ற மகள்மேலேயே இப்படி வருமா?

பதில்: வரும், நிறையப் பேருக்கு வருகிறது, வெளியே சொல்லத்தான் மாட்டார்கள். உங்களுக்கு மகள்மேல் பாசம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க ஒரு பொக்கை வாய்க்குப் பழகிவிட்டு, பல் முளைத்த வாய் வந்ததும் உடம்பு துள்ளுகிறது. தூக்கமும் இல்லை, பசி வேறு. சின்னவனுக்கு மட்டும் கொடுக்கிற அம்மாவுக்கே நாளைக்கு 500 கலோரி வரை கூடுதலாக வேண்டும் என்பார்கள், நீங்கள் இரண்டு பேருக்குக் கொடுக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேருக்குப் பால் கொடுக்கிற வீட்டில் முதலில் தீர்ந்துபோவது அம்மாதான், பால் இல்லை.

மூன்று வயதுக் குழந்தையிடம் முடியாது என்று சொல்லலாம். அவளுக்குப் புரியும், அழுதாலும் புரியும். “பத்து எண்ணுவேன், அப்புறம் போதும்” என்று சொல்லிவிட்டு எண்ணுங்கள், எட்டு ஒன்பதில் இழுக்காமல் பத்தில் நிறுத்துங்கள். பகலில் இத்தனை முறைதான், ராத்திரி கிடையாது என்றும் வைத்துக்கொள்ளலாம், அந்த ராத்திரி அழுகையை அவள் அப்பா எடுத்துக்கொள்ளட்டும். வாய் நன்றாகத் திறந்து கவ்வச் சொல்லிப் பாருங்கள், பெரிய குழந்தைகள் அவசரத்தில் நுனியை மட்டும் பிடிப்பார்கள், பாதி எரிச்சல் அதனால்தான். இவ்வளவும் செய்து முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பதற்காக இல்லை.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒரு வேளையை விட்டு, சில நாள் பொறுத்து அடுத்த வேளை. சட்டென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரைக்கும் போகும். பால் கொடுத்த அந்த நேரத்துக்கு அவளை மடியிலாவது வைத்துக்கொள்ளுங்கள், தம்பி வந்ததால்தான் நமக்கு இது போயிற்று என்று அவளுக்குத் தோன்றக் கூடாது. பால் கொடுக்காத நேரத்திலும் அழுகை, ஆத்திரம், எதிலும் ஒட்டாத மனம் என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இப்போது ஐந்தாம் மாதம். பத்து மாதக் குழந்தைக்கு இன்னும் கொடுக்கிறேன். கர்ப்பப்பை சுருங்கிக் குறைப்பிரசவம் ஆகிவிடும் என்கிறார்களே?

பதில்: குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும், அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், அதுவரை உண்மை. ஆனால் சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் கர்ப்பப்பை அந்த அளவுக்கு இசைந்து கொடுப்பதில்லை, பிரசவம் வரைக்கும் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். முன்பு குறைப்பிரசவம் ஆகியிருந்தால், ரத்தப்போக்கோ வலியோ இருந்தால், வயிற்றில் இரட்டை என்றால், உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் தொடராதீர்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. கர்ப்ப ஹார்மோன்களால் இந்த மாதங்களில் பால் தானாகவே குறையும், குழந்தை எவ்வளவு சப்பினாலும் அதிகமாகாது, ருசியும் மாறும், அப்புறம் சீம்பாலாகிவிடும். இரண்டு வயதுக் குழந்தைக்கு இது பெரிய விஷயமில்லை. உங்கள் குழந்தைக்கு இன்னும் ஒரு வயதே ஆகவில்லை. எடையைத் தவறாமல் பாருங்கள், ஏறாமல் நின்றால் மேல்பால் எது, எவ்வளவு என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: பெரியவளுக்குச் சளி. கைக்குழந்தைக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிடவா?

பதில்: தேவையில்லை. ஒரே வீட்டில் முத்தம் கொடுத்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கு மார்பைப் பிரித்து என்ன ஆகப்போகிறது, உங்கள் பாலில் அந்தச் சளிக்கு எதிரான சக்தியும் சேர்ந்தேதான் போகும். கையை மட்டும் அடிக்கடி கழுவுங்கள். யாராவது ஒரு குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் தெரிந்து, உங்களுக்குக் காம்பில் எரிச்சலும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அப்போது மூன்று பேருமே மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும்.