ஜெனீவாவும் ஏழு ஏக்கரும்

அன்புள்ள அக்கா,

சுங்கை சிப்புட்டில் ஏழு ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறேன். அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய நிலம். சட்டம் படிக்கும் மகள், அனைத்துலக வர்த்தக வழக்கறிஞராகப் போகிறேன் என்கிறாள். நீங்கள் அமைச்சில் இருந்துவிட்டு அந்தத் தொழிலுக்குப் போனவர், அதனால் கேட்கிறேன். ஐரோப்பா நம் செம்பனை எண்ணெயை ஒதுக்கியது, வழக்குப் போட்டோம், தோற்றோம். தோற்பதற்கு ஒரு படிப்பா?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

முழுக்கத் தோற்கவில்லை. செம்பனைப் பயிரால் காடு அழியும் ஆபத்து அதிகம், ஆகவே அதன் பயோடீசலைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கணக்கிலிருந்து 2030-க்குள் படிப்படியாக நீக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 2021-இல் மலேசியா அதை ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோனது. 2024 மார்ச்சில் நடுவர் குழுவின் அறிக்கை வந்தது. அப்படி விதி போட ஐரோப்பாவுக்கு இடமுண்டு என்றது பெரும்பான்மை. ஆனால் தரவுகளை உரிய காலத்தில் மறுபடி பார்க்கவில்லை, ஆபத்து குறைந்த எண்ணெய்க்கான விலக்கைச் சரியாக வகுக்கவில்லை, பிரான்சின் வரிச்சலுகை பாரபட்சமானது என்றும் சொன்னது.

இது பழைய கதைதான். கடலாமைகளைக் காக்க அமெரிக்கா இறால் இறக்குமதியைத் தடுத்தபோது இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்தோடு நாமும் வழக்காடினோம். 1998-இல் வென்றோம். தடையின் நோக்கத்தில் தப்பில்லை, நடைமுறையில்தான் பாரபட்சம் என்றது தீர்ப்பு. அமெரிக்கா நடைமுறையைத் திருத்தியது. நாம் மட்டும் திரும்பப் போனோம், 2001-இல் தோற்றோம். “சதி, சதி” என்று மேடையில் முழங்கலாம், கைதட்டலும் கிடைக்கும். நடுவர் முன் அது எடுபடாது.

அங்கே நாடுதான் நாட்டின் மேல் வழக்குப் போட முடியும். தோட்ட முதலாளிக்கே வாசல் கிடையாது. அதனால்தான் அரசாங்கத்தின் உள்வழி தெரிந்த வழக்கறிஞர் தேவைப்படுகிறார்: எந்த இலாகாவிடம் எந்தப் புள்ளிவிவரம் இருக்கிறது, யார் தர மறுப்பார் என்று தெரிந்தவர். உருப்படியான வேலை வழக்குக்கு முன்பே நடக்கிறது. ஒரு நாடு தொழில்நுட்ப விதி கொண்டுவருமுன் வரைவை மற்ற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும். கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள். அதற்குள் ஒரு சொல்லை மாற்றவைத்தால் பத்திரிகையில் வராது, ஆனால் பலன் பெரிது. ஐரோப்பாவின் 2023-ஆம் ஆண்டுக் காடழிப்பு விதியையே பாருங்கள். காடழித்து விளைந்ததல்ல என்று காட்ட, 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட செம்பனை நிலத்துக்கு எல்லை முழுவதையும் அளந்து காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி போதும். உங்கள் ஏழு ஏக்கர் மூன்று ஹெக்டேர்கூட இல்லை.

கசப்பான பக்கமும் உண்டு. 2020-இல் இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கா துறைமுகத்தில் தடுத்தது, கட்டாய உழைப்பு என்ற காரணத்தால். நம் தாத்தாக்கள் பெரட்டில், அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்ற இடத்தில் இன்று வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நிற்கிறார்கள். அவர்களின் கடப்பிதழ் அவர்கள் கையில்தான் இருக்கிறதா, இங்கே வர ஏஜெண்டுக்கு எவ்வளவு கடன்பட்டார்கள் என்று முதலில் நாம் கேட்க வேண்டும். ஜெனீவா அப்புறம். இதை அமைச்சர் முகத்துக்கு நேராகச் சொல்வதும் அந்த வழக்கறிஞரின் வேலை. யாருக்கும் பிடிக்காது.

மகள் முதலில் சில ஆண்டு அரசாங்கத்தில் இருக்கட்டும். சம்பளம் குறைவுதான். உங்களிடம் எம்எஸ்பிஓ சான்றிதழ் (நிலைத்தன்மையோடு விளைந்த மலேசியச் செம்பனை எண்ணெய்க்கான சான்று) இல்லையென்றால், அடுத்த விடுமுறையில் அந்தப் படிவங்களை அவளையே நிரப்பச் சொல்லுங்கள்.