நீல் தீவுக்கு நாலு மணி நேரம் போதுமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைப் பளுவில் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறோம். ஓய்வுக்காக ஜனவரியில் அந்தமான் போகிறோம். ஐந்து இரவு பேக்கேஜ். செல்லுலார் சிறை, ராஸ் தீவு, நார்த் பே, ஹாவ்லாக், பாராடாங் எல்லாம் உண்டு. நீல் தீவுக்கு நாலு மணி நேரம். ஒரு நாளும் வீணாகாமல் இன்னும் எதைச் சேர்க்கலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: எதையும் சேர்க்காதீர்கள் அம்மா. இருப்பதிலிருந்து எடுங்கள்.

ஓய்வு என்கிறீர்கள். ஆனால் இந்தப் பட்டியலில் ஓய்ந்து உட்கார ஒரு சாயங்காலம்கூட இல்லை. விடிந்தால் பெட்டி கட்ட வேண்டும், படகுத்துறையில் வரிசையில் நிற்க வேண்டும், இறங்கியதும் வேனில் ஏற வேண்டும். திருச்சியில் செய்கிற ஓட்டத்தையே காசு கொடுத்துக் கடல் நடுவில் செய்வானேன்? நீங்கள் தேடும் ஓய்வு கிடைக்கிற இடம் நீல் தீவு. அதற்குத்தான் நாலு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

2018-ல் ஷஹீத் தீவு என்று பெயர் மாறினாலும் நீல் என்றால்தான் எல்லோருக்கும் சட்டென்று புரியும். போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் 1960-களில் குடியேறிய ஊர். வயலும் வாழையும் பாக்கும் காய்கறித் தோட்டமுமாக இருக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று ராமாயணத்திலிருந்து எடுத்த பெயர்கள்.

நாலு மணி நேரம் ஏன் போதாது என்பதைக் கடலே சொல்லிவிடும். லக்ஷ்மண்பூரின் இரண்டாவது கடற்கரையில் பாறை வளைந்து பாலம் போல நிற்கிறது. அதன் அடியில் இருக்கும் பவளக் குட்டைகளைப் பார்க்க, கடல் நீர் உள்வாங்கும் வற்று நேரத்தில்தான் போக முடியும். பரத்பூரில் நிலைமை தலைகீழ். வற்றில் பவளப் பாறை வெளியே தலை நீட்டும். நன்றாகக் குளிக்க, நீர் உயரும் ஏற்றம் வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஏற்றமும் வற்றும் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். படகுக் கம்பெனியின் நேரப் பட்டியலுக்காகக் கடல் காத்திருக்காது. பாதிப் பேர் பாறையில் அலை மோதுவதைப் பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

நான் தங்கியிருந்தபோது அந்தக் குட்டை ஒன்றின் ஓரத்தில் ஒரு மணி நேரம் குந்தியிருந்தேன். முதல் பத்து நிமிடம் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. அப்புறம் கறுப்புக் கயிறு என்று நினைத்தது மெல்ல நகர்ந்தது, கடல் அட்டை. பாறைப் பிளவில் ஊதா உதடு போல ஒன்று திறந்திருந்தது. என் நிழல் விழுந்ததும் சட்டென்று மூடிக்கொண்டது. அது ஒரு பெரிய சிப்பி. கரை மணலில், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு ஒன்று, சங்கு கிடைக்காமல் ஒரு பாட்டில் மூடியைச் சுமந்துகொண்டு போனது. அதைப் பார்த்த பிறகு ஒரு சங்கைக்கூட எடுத்துவர எனக்கு மனசு வரவில்லை. நீங்களும் எடுக்காதீர்கள். பவளத் துண்டும் சங்கும் கொண்டுவரத் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிப்பார்கள்.

பாராடாங்கைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புக் குகை இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே போகும் சாலை, அந்தமான் பழங்குடிகளான ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிப் போகிறது. காப்புக் காட்டுக்குள் போகும் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. இன்றும் வண்டிகள் வரிசை கட்டிப் போகின்றன. முதல் வரிசையைப் பிடிக்க அதிகாலை மூன்று மணிக்கே கிளம்புகிறார்கள். ‘ஜாரவா தென்படலாம்’ என்று ஆசை காட்டுகிற டிரைவர்களும் உண்டு. அடுத்தவர் வீட்டு வாசலில் வண்டியில் போய் அவர்களை வேடிக்கை பார்ப்பது அசிங்கம். அதைச் சுற்றுலா என்று விற்பது எனக்குக் கோபம் தருகிறது.

சரி, என் கணக்கு இது. முதல் இரவு போர்ட் பிளேர். செல்லுலார் சிறையை விடாதீர்கள். அடுத்த மூன்று இரவு நீல். கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர், ஏனென்றால் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். விமானம் தவறக் கூடாது. ஹாவ்லாக் அழகுதான், இன்னொரு முறை பார்க்கலாம். ஜனவரியில் அங்கே மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதனால் மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு, நாலரைக்கு லக்ஷ்மண்பூர் போனால் போதும்.

தீவில் இறங்கியதும் விடுதிக்காரரிடம் முதலில் ‘நாளைக்கு வற்று எத்தனை மணிக்கு?’ என்று கேளுங்கள். அடுத்த நாளை அதற்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம்.