ஆப்பில் ஏசி ‘ஆன்’ என்று காட்டுகிறது, ஆனால் அறை குளிரவில்லை. கோளாறு எங்கே?

புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டில் ஸ்பிளிட் ஏசிக்கு வைத்த வைஃபை கன்ட்ரோலர் 25 டிகிரியில் ஓடுவதாகக் காட்டியும் அறை புழுங்குகிறது, அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது, அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அங்கிருந்து ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் (அறையின் சூட்டைப் பார்த்து ஏசியை ஓட்டி நிறுத்தும் சுவர்க் கருவி) வாங்கி வருவதாகச் சொல்கிறார், அதை மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியிலிருந்து வருகிறேன். மச்சானிடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். நெஸ்ட், எக்கோபீ போன்ற தெர்மோஸ்டாட்டுகள் வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம் இருக்கும் அந்த ஊர் அமைப்புக்காகச் செய்தவை, சுவருக்குள் வரும் 24 வோல்ட் ஒயர்களில்தான் அவற்றை மாட்ட வேண்டும். நம் ஸ்பிளிட் ஏசியில் அதற்கு இடமே கிடையாது. யாராவது தெரியாமல் 230 வோல்ட் லைனில் இணைத்துவிட்டால் கருவி எரிந்துபோகும், ஆளுக்கும் ஆபத்து.

இப்போது புழுக்கம். இந்த வகைக் கன்ட்ரோலர் உங்கள் கையிலிருக்கும் ரிமோட் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது, இன்ஃப்ராரெட் கதிரில் கட்டளையை அனுப்பும். ஏசியிடமிருந்து அதற்குப் பதில் வராது. ஆகவே ஆப்பில் தெரியும் ‘ஆன், 25’ என்பது கடைசியாக அனுப்பிய கட்டளைதான், ஏசி இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இது எனக்குப் புரிய ஒரு கோடை முழுக்க ஆனது. அம்மா கடலூர் தேவனாம்பட்டினத்தில் தனியாக இருக்கிறார், நான் பெங்களூரில். அவருக்கு ரிமோட்டில் இருக்கும் சின்ன எழுத்து தெரியாது என்பதால் ராத்திரி பத்து மணிக்கு இங்கிருந்தே ஏசியைப் போட்டுவிடுவேன். மே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை போன் செய்து, “ஏசி ஓடவே இல்லடா, ராத்திரி பூரா ஃபேன்தான் சுத்துது” என்றார். ஆப்பைத் திறந்தால் ஆன், 26 என்று இருக்கிறது. அம்மா எதையோ தெரியாமல் அழுத்திவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன், அவரிடம் சொல்லியும்விட்டேன், இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நடந்தது என்னவென்றால், இரவு ஒரு மணிக்குக் கரண்ட் போய் வந்திருக்கிறது, எங்கள் பழைய ஏசியில் கரண்ட் வந்ததும் தானாக மறுபடி ஓடும் வசதி இல்லை. அதனால் அது அணைந்தே கிடந்தது.

உங்களுடையதிலும் முதலில் இதைப் பாருங்கள். ஏசி ஓடும்போது மெயின் ஸ்விட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அது சில நிமிடம் தாமதித்துத்தான் கரண்டை விடும், பொறுத்துப் பாருங்கள். தானாக ஓடவில்லையென்றால் உங்களுக்கும் இதே கதைதான். அதற்கு வழி இருக்கிறது: இரவு பத்திலிருந்து ஐந்துக்குள் அறை 29 டிகிரியைத் தாண்டினால் ‘ஆன்’ கட்டளையை மறுபடி அனுப்பு என்று ஆப்பில் ஒரு விதி போட்டு வைக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஆப்பிலிருந்து இரண்டு முறை தொடர்ந்து ‘ஆன்’ அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலான ஏசி ரிமோட்டுகள் ஒவ்வொரு அழுத்தத்திலும் மோட், டிகிரி, ஃபேன் வேகம் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பும், அப்படியானால் இரண்டாவது முறை எதுவும் ஆகாது. சில மாடல்களில் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே கட்டளை. அங்கே இந்த விதியைப் போட்டால் ஓடுகிற ஏசியை நீங்களே அணைத்துவிடுவீர்கள்.

கட்டளை போகிறதா என்றே சந்தேகமாக இருந்தால் போன் செல்ஃபி கேமராவைக் கன்ட்ரோலருக்கு நேராகப் பிடித்து ஆப்பில் ஒன்றை அழுத்துங்கள், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பெரும்பாலும் கேமராவில் மின்னும். நடுவில் பீரோவோ திரைச்சீலையோ மறைத்தால் கதிர் போய்ச் சேராது.

ஆஃப்லைன் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் ரூட்டர்தான். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டும் பிடிப்பவை. ரூட்டரில் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்து வேறு பெயர் வையுங்கள், வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். ரூட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கிப் போடுங்கள், ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் அதுவும் அணைந்து எழுவது குறையும்.

அப்புறம், அறையின் சூடு என்று ஆப் காட்டும் டிகிரி கன்ட்ரோலர் இருக்கும் இடத்தின் சூடு. செட்டாப் பாக்ஸ் மேலே வைத்தால் கூடுதலாகவும், ஏசி காற்று நேரே படும் இடத்தில் வைத்தால் குறைவாகவும் காட்டும். ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரைத் தலையணைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசத்தைச் சரிசெய்யும் வசதி நிறைய ஆப்களில் உண்டு.

இத்தனையும் சரியாக இருந்து, ஏசி ஓடியும் குளிரவில்லை என்றால் கோளாறு ஏசியில். கடல் காற்றில் இருக்கும் நமக்கு அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடு உப்பில் அரித்துப் பொடியாகும், அதை வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும், நல்ல தண்ணீரில் அவ்வப்போது கழுவச் சொல்லுங்கள். ஃபில்டரையும் பாருங்கள். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. இண்டோர் யூனிட்டுக்குள் அறையின் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்று சின்ன ஒயரில், கிளிப்பில் மாட்டியிருக்கும். அது கழன்று குளிர்ந்த காயிலில் பட்டால் அறை ஏற்கெனவே குளிர்ந்துவிட்டதாக எண்ணி ஏசி கம்ப்ரசரை நிறுத்திவிடும். எங்கள் வீட்டில் சர்வீஸுக்கு வந்தவர் அதை மாட்டாமலே மூடிவிட்டுப் போய், இரண்டு வாரம் எதனால் என்றே தெரியாமல் இருந்தோம். இப்போது சர்வீஸ் முடிந்து மூடியை மாட்டும் முன்பு அம்மாவே டார்ச் அடித்து, “தம்பி, அந்த ஒயரை மாட்டிட்டியா?” என்று கேட்டுவிடுகிறார்.