தலையில் எஞ்சின் வைத்த ரொக்கெட்

கேள்வி: அமெரிக்க ரொக்கெட் முன்னோடி றொபேட் கொடார்ட்டின் 1926ஆம் ஆண்டு ரொக்கெட்டின் படத்தில் எஞ்சின் உச்சியில் இருக்கிறதே, நேராகப் போகத்தான் அப்படி வைத்தாரா? தண்ணீர் விட்டு, வளி பம்ப் அடித்து நாங்கள் ஏவும் சோடாப் போத்தல் ரொக்கெட் எழும்பியதும் குப்புற விழுகிறது. நாங்களும் தண்ணீர் பீறிடும் வாயை மேலே வைக்கலாமா? (மாணவர், கல்லடி)

பதில்: வேண்டாம் தம்பி. மேலிருந்து இழுத்தால் பாரம் கீழே தூக்குக்குண்டு மாதிரி நேராகத் தொங்கும் என்றுதான் கொடார்ட் நினைத்தார். ஆனால் தூக்குக்குண்டின் கயிறு அசையாத இடத்தில் கட்டியிருக்கும். ரொக்கெட்டின் எஞ்சினோ உடலோடு சேர்ந்து சாயும், உந்துவிசையும் அந்தப் பக்கமே சாயும். மார்ச் 16 அன்று மசாசுசெட்ஸின் ஓபர்னில், பெற்றோலும் திரவ ஒட்சிசனும் எரித்து அது 2.5 செக்கன் பறந்தது. உயரம் சுமார் 12.5 மீற்றர், விழுந்த இடமோ 56 மீற்றர் தள்ளி! ஆனாலும் திரவ எரிபொருளில் பறந்த முதல் ரொக்கெட் அதுதான். பிறகு எஞ்சினைக் கீழே கொண்டுவந்தார். 1932இல் நியூ மெக்சிகோவின் ரொஸ்வெல்லில், கைரோஸ்கோப்பால் (சாய்வை உணரும் சுழல் சக்கரக் கருவி) திரும்பும் தகடுகளை வாயு வெளியேறும் பாதையில் வைத்துப் பறக்கவிட்டார்.

உங்கள் போத்தல் குப்புற விழுவது மூக்குப் பாரம் போதாததால். 1.5 லீற்றர் போத்தலின் அடிப்பக்கத்தில் (பறக்கும்போது அதுதான் மூக்கு) 50 முதல் 80 கிராம் களிமண் ஒட்டி, மட்டைக் கூம்பால் மூடுங்கள். வாய்ப்பக்கம் சம இடைவெளியில் மூன்று செட்டைகள் போதும். பிறகு தண்ணீர் விடாமல், போத்தலைச் சமநிலைப் புள்ளியில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சரி. வால் முன்னால் வந்தால் களிமண்ணைக் கூட்டுங்கள், அல்லது செட்டையைப் பெரிதாக்குங்கள். தண்ணீர் 500 மில்லிலீற்றர் விடுங்கள். அதைவிட நிரப்பினால் வளிக்கு இடம் குறைந்து, தண்ணீர் முழுதும் வெளியேறுமுன் அமுக்கம் ஓய்ந்துவிடும். சோடா அடைத்து வந்த பிளாஸ்டிக் போத்தல் மட்டுமே பாவியுங்கள். தண்ணீர்ப் போத்தல் மெல்லியது, வெடிக்கும். கண்ணாடி கூடவே கூடாது. பம்ப் அடித்தபின் மேலே குனிந்து பார்க்காதீர்கள். கல்லடிக் கடற்கரையில் பின்னேரம் விட்டால் செட்டை வைத்த ரொக்கெட் காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பும், கடலுக்குள் போய்விடும். காற்று அடங்கிய காலைப்பொழுதில் விடுங்கள்.

கேள்வி: விண்வெளியில் காற்றே இல்லை. ரொக்கெட் எதைத் தள்ளி முன்னேறுகிறது? (வாசகர், கல்முனை)

பதில்: தான் வெளியேற்றும் வாயுவை. தாக்கம் அது, மறுதாக்கம் ரொக்கெட்டின் நகர்வு. வளியகற்றிய குழாய்க்குள் எரியவிட்டு, அங்கும் உந்துவிசை உண்டென்று கொடார்ட் அளந்தே காட்டினார். 1920இல் நியூயோர்க் டைம்ஸ் தலையங்கம் அதை மறுத்தது. அப்பலோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17இல், திருத்தம் வெளியிட்டது. வீட்டிலேயே பார்க்கலாம்: மேலே சொன்ன போத்தலை ஒரே அமுக்கத்தில் தண்ணீரின்றி ஒருமுறை, தண்ணீரோடு ஒருமுறை விடுங்கள். வெளியே தள்ளும் பொருளின் பாரம் கூடும்போது உயரம் எவ்வளவு மாறுகிறது என்று கண்ணாலேயே காண்பீர்கள்.